நாத்தனார் ராத்திரியில் வாந்தி எடுக்கிறாள், யாரிடம் சொல்வது?

காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு மருமகள் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் எதுவும் வெளியே வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம் இது:

"எனக்கு 28 வயது, மூன்று வயதில் ஒரு மகன். கணவருக்கு ஓசூரில் ஷிப்டு வேலை, ஞாயிறு மட்டும்தான் வருவார். மாமனார், மாமியார், 19 வயது நாத்தனார், நான் எல்லாரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். கொஞ்சம் மாந்தோப்பு உண்டு. நாத்தனார் கிருஷ்ணகிரியில் பி.காம். படிக்கிறாள். போன வருடம் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், 'பொண்ணு லட்சணம்தான், கொஞ்சம் உடம்பைக் குறைச்சா பார்க்கலாம்' என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து களியும் இல்லை, சோறும் இல்லை. நான்தான் அவளுக்கு டயட் வீடியோ அனுப்பினேன். மூன்று மாதத்தில் இளைத்தாள். 'முகத்துல களை வந்துடுச்சு' என்று சொந்தபந்தமெல்லாம் சொன்னது, நானும் சொன்னேன்.

இந்த மாம்பழ சீசனில் எங்கள் எதிரில் ஒரு துண்டுகூட அவள் தொடவில்லை. ஒரு நாள் காலையில் பாத்ரூமுக்குப் பின்னால் ஏழெட்டு மாங்கொட்டை கிடந்தது. அப்புறம்தான் கவனிக்க ஆரம்பித்தேன். எல்லாரும் படுத்த பிறகு சமையலறையில் சத்தம் கேட்கும். பிறகு குழாயைத் திறந்துவிட்டு வாந்தி. வாரத்தில் நான்கைந்து நாள் இப்படி. காலேஜ் பையில் பேதி மாத்திரை அட்டை இருந்தது. செவ்வாய், வெள்ளி, புரட்டாசிச் சனி என்று விரதம் வேறு கூடிக்கொண்டே போகிறது. கன்னம் இரண்டும் வீங்கியிருப்பதைப் பார்த்து மாமியார் பொன்னுக்கு வீங்கி என்று தங்கச் சங்கிலி போட்டுவிட்டார். ஆனால் இப்போது எடை குறையவில்லை, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறாள். மாமியாரிடம் சொன்னால் 'சோறு இருந்தும் திங்காம இருக்கிறது திமிரு' என்பார். வெளியே தெரிந்தால், கல்யாணமாகாத பெண் வாந்தி எடுக்கிறாள் என்று ஊர் வேறு கணக்குப் போடும். தையில் இன்னொரு இடம் பார்க்க வருகிறது. கல்யாணம் ஆனால் சரியாகிவிடுமா? பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றிவிடலாமா? இது நான் ஆரம்பித்து வைத்த வினையா?"

கடிதத்தில் அவர் எழுதியிருந்த எடைக் கணக்குகளை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். இதைப் படிக்கும் இன்னொரு பெண் அந்த எண்ணைத் தனக்கு இலக்காக எடுத்துக்கொள்ளலாம்.

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் அதுதான் அழுத்திக்கொண்டிருக்கிறது. இது உங்களால் வந்ததில்லை. அதே வீடியோவை உங்கள் ஊரில் இன்னும் ஐம்பது பெண்கள் பார்த்திருப்பார்கள், இரண்டு வாரம் சோற்றைக் குறைத்துவிட்டுப் பழையபடி சாப்பிட்டிருப்பார்கள். பரம்பரையாக வரும் வாகு, எதையும் நூறு சதவீதம் செய்துவிட வேண்டும் என்ற குணம், உடம்பைப் பற்றிக் கேட்ட ஒரு சொல், அதன் பின்னால் வரும் கடுமையான டயட் என்று பலதும் ஒன்று சேர்ந்தால்தான் இந்த நோய் பிடிக்கிறது. உங்கள் வீடியோ அதில் ஒரு சின்னத் துண்டு. இனிமேல் அனுப்பாதீர்கள், அவ்வளவுதான்.

கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்ட நான் உரிமை எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது எல்லாம் புலிமியா என்ற உணவுக் கோளாறின் பக்கம்தான் கை காட்டுகிறது. பகலில் பட்டினி, இரவில் கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுவது, பிறகு வாந்தியாலோ பேதி மாத்திரையாலோ அதை வெளியேற்றுவது, மறுநாள் அந்தக் குற்ற உணர்ச்சியில் மறுபடி பட்டினி. 1979இல் லண்டன் மனநல மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல் இதைத் தனி நோயாக விவரித்தார். பணக்கார வீட்டு நோய், பெங்களூரு நோய் என்றெல்லாம் ஒரு பேச்சு உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து என்னிடம் வந்தவர்களில் போலீஸ் வேலைக்கு உடம்பைத் தயார் செய்த பையன்களும் உண்டு, மூன்று பிள்ளை பெற்ற தாய்மார்களும் உண்டு.

அந்தக் கன்ன வீக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொன்னுக்கு வீங்கி என்றால் பெரும்பாலும் காய்ச்சலோடு வரும், வலிக்கும், ஒன்றிரண்டு வாரத்தில் வடிந்துவிடும். அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்கு உமிழ்நீர்ச் சுரப்பிகள் வீங்கி, கன்னம் மாதக்கணக்கில் உப்பியே இருக்கும். கண்ணாடியில் அதைப் பார்க்கும் பெண் 'இன்னும் குண்டாகிவிட்டேன்' என்று நினைத்து இன்னும் பட்டினி கிடப்பாள். மாமியாரிடம் இதற்காகச் சண்டை வேண்டாம். சங்கிலி அவள் கழுத்திலேயே இருக்கட்டும்.

"பார்க்க நன்றாகத்தான் இருக்கிறாள்"

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்த வரி இதுதான். இந்த நோயில் பெரும்பாலானவர்களின் எடை சாதாரணமாகவே இருக்கும், சிலருக்குக் கூடவும் செய்யும். ஆபத்து எடையில் தெரியாது, ரத்தத்தில்தான் தெரியும். வாந்தியும் பேதியும் உடம்பிலிருந்து பொட்டாசியத்தை இழுத்துக்கொண்டு போகின்றன. பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். அது முன்கூட்டியே சொல்லிவிட்டு வராது.

பேதி மாத்திரையைப் பற்றி அவளுக்கே தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: அது வேலை செய்வது பெருங்குடலில். சாப்பாட்டின் சத்து அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. மறுநாள் எடை குறைந்ததுபோல் காட்டுவது வெறும் தண்ணீர். அது திரும்ப ஏறும், சில சமயம் கூடவே ஏறும். வாந்தியும் தின்றதை முழுதாக வெளியேற்றுவதில்லை. அதனால்தான் இவ்வளவு பாடுபட்டும் எடை குறையவில்லை.

மயங்கி விழுந்தால், நெஞ்சு படபடத்தால், வாந்தியில் ரத்தம் வந்தால், கைகால் இழுத்துப் பிடித்தால், தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் போனால், செத்துப்போகலாம் என்ற மாதிரி ஒரு வார்த்தை சொன்னால், அப்புறம் ரகசியம் எல்லாம் கிடையாது. உடனே 108.

திமிரா, வாய்க்கட்டு இல்லையா?

மாமியார் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மதிக்க வேண்டும். மழை பொய்த்த வருடங்களில் களிக்கு மாவு இல்லாமல் படுத்த தலைமுறை அது. அவர் கண்ணுக்கு, சட்டி நிறையச் சோறு இருக்கும்போது பட்டினி கிடப்பது திமிராகத்தான் தெரியும். நாத்தனாரோ தன்னை வேறு மாதிரி திட்டிக்கொண்டிருப்பாள்: 'எனக்கு வாய்க்கட்டு இல்லை, நான் ஒரு பேய்.' இரண்டு பேரும் சொல்வது தப்பு.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஒரு ஆய்வு நடத்தினார். உடலும் மனமும் ஆரோக்கியமான 36 இளைஞர்கள், தாங்களாகவே முன்வந்தவர்கள். அவர்களுக்கு ஆறு மாதம் ஏறக்குறையப் பாதிச் சாப்பாடு மட்டும் கொடுக்கப்பட்டது. கொஞ்ச நாளில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், கனவிலும் சாப்பாடு வந்தது, எரிச்சலும் சோர்வும் பிடித்தன. கட்டுப்பாட்டை மீறி வயிறு வெடிக்கத் தின்றவர்களும் உண்டு. ஆய்வு முடிந்து சாப்பாடு கிடைத்த பிறகும் சிலருக்கு எவ்வளவு தின்றும் அடங்கவில்லை. இவர்களில் யாருக்கும் உடம்பை இளைக்க வைக்கும் ஆசை இல்லை, யாரும் இவர்களைப் பெண் பார்க்க வரவும் இல்லை. பட்டினி போட்ட மூளை அப்படித்தான் நடந்துகொள்ளும்.

அந்த ஏழெட்டு மாங்கொட்டைக்கு இதுதான் விளக்கம். சீசன் பூராவும் ஒரு துண்டு கூடாது என்று வாயைக் கட்டினால், ஒரு ராத்திரி கூடையே காலியாகும். எதிரில் உட்கார்ந்து இரண்டு துண்டு சாப்பிட முடிந்த பெண்ணுக்குப் பின்பக்கம் போக வேண்டிய அவசியம் வராது.

அதனால் சிகிச்சையின் முதல் பாடமே நேரத்துக்குச் சாப்பிடுவதுதான். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு முறை சிறுதீனி, மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறு கூடாது. இதில் விரதத்துக்கு இடமில்லை. 'உடம்பு சரியில்லாதவங்களுக்கு விரதம் கிடையாது' என்பதை உங்கள் மாமியாரே ஒத்துக்கொள்வார், பெருமாளும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் ஒரே நாளில் இழுத்துப்பிடித்து ஊட்ட வேண்டாம். நாள்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் மெலிந்து கிடக்கும் உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தின் உப்புகள் நிலைகுலைந்து ஆபத்தாகலாம். அதனால் ரத்தப் பரிசோதனை முந்திக்கொள்ளட்டும்.

தாழ்ப்பாளைக் கழற்ற வேண்டாம்

தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். ஒரு அப்பாவிடம், மகள் சாப்பிட்ட பிறகு பாத்ரூம் வாசலிலேயே நில்லுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அவர் சொன்னபடியே நின்றார். வாந்தி இடம் மாறியதே தவிர நிற்கவில்லை, அப்பாவிடம் அந்தப் பெண் பேசுவது மட்டும் நின்றுபோனது. பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள் உடம்பு வற்றிப்போகும் அளவுக்குப் பட்டினி கிடந்தால், பெற்றோர் சாப்பாட்டுப் பொறுப்பைக் கையில் எடுக்கும் ஒரு சிகிச்சை முறை இருக்கிறது, நல்ல பலனும் தருகிறது. அது மருத்துவர் கூட இருந்து நடத்துவது. 19 வயதுப் பெண்ணுக்கு, அதுவும் அண்ணி ஒருத்தி தனியாகச் செய்வதற்கு, அது பொருந்தாது.

காவல் நிற்பதற்குப் பதில் கூட உட்காருங்கள். சாப்பிட்டு முடித்த முதல் ஒரு மணி நேரம்தான் கஷ்டமான நேரம். அந்த உந்துதல் அலைபோல ஏறி, தானாகவே இறங்கும். அந்த நேரத்தில் தாயம் ஆடலாம், பையனைத் தூங்க வைக்கச் சொல்லி அவளிடம் விடலாம், சும்மா திண்ணையில் உட்கார்ந்து தலை வாரிவிடலாம். சாப்பாட்டைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

ஆனால் அதற்கு முன் ஒரு முறை நேராகப் பேசித்தான் ஆக வேண்டும். தட்டுக்கு முன்னால் பேசாதீர்கள், வாந்தி எடுத்துவிட்டு வந்த கையோடும் பேசாதீர்கள். தோப்புப் பக்கம் இரண்டு பேரும் தனியாக இருக்கும் ஒரு மாலை போதும். பார்த்ததைச் சொல்லுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள்: "பாப்பா, ராத்திரியில நீ கஷ்டப்படுறது எனக்குக் கேட்குது. கொஞ்ச நாளாவே தெரியும். திட்ட வரலை, அத்தைகிட்ட இன்னும் எதுவும் சொல்லலை. எனக்குப் பயமா இருக்கு. ஒரு டாக்டரைப் பார்த்துட்டு வரலாம், நான் கூட வரேன்." முதல் தடவை அவள் 'அஜீரணம் அண்ணி' என்பாள், இல்லையென்றால் எரிந்து விழுவாள். "சரி, எப்ப தோணுதோ அப்ப வா" என்று விட்டுவிட்டு நான்கு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். மாங்கொட்டையையும் மாத்திரை அட்டையையும் சாட்சி மாதிரி எடுத்து வைக்காதீர்கள். வெட்கம் இந்த நோய்க்குத் தீனி.

'நீ குண்டே இல்லை, அழகாத்தான் இருக்கே' என்று தேற்றத் தோன்றும். அதுவும் உதவாது, பேச்சு மறுபடி உடம்பிலேயே வந்து நிற்கும். 'இளைச்சுட்டே, நல்லா இருக்கே' என்ற பாராட்டு அதைவிட மோசம், பட்டினிக்குக் கொடுத்த பரிசு அது. பிரசவத்துக்குப் பிறகு நீங்களே கண்ணாடி முன்னால் நின்று 'எப்படி ஊதிட்டேன் பாரு' என்று சொல்லியிருக்கலாம். எந்தப் பெண்தான் சொல்லவில்லை? அவள் காதில் விழும்படி இனி வேண்டாம்.

ஒரு சின்ன விஷயம்: வாந்தி எடுத்த உடனே பல் துலக்கினால், அமிலத்தில் ஊறிய பல்லின் மேல்பூச்சு இன்னும் தேயும். தண்ணீரில் வாய் கொப்பளித்தால் போதும், துலக்குவதை அரை மணி நேரமாவது தள்ளிப்போட வேண்டும். நோயை இது குணமாக்காது. ஆனால் நீங்கள் சண்டைக்கு வரவில்லை என்பது அவளுக்குப் புரியும்.

ஊர் போடும் கணக்கு

கல்யாணமாகாத பெண்ணின் வாந்திக்கு நம் ஊர்களில் ஒரே அர்த்தம்தான். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அதனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். அவளுக்கு மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால், மருத்துவர் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொல்லலாம். எந்தப் பெண் வந்தாலும் செய்வதுதான் அது, சந்தேகம் என்று பொருளில்லை. இதை வீட்டிலேயே அவளிடம் சொல்லிக் கூட்டிப்போங்கள். அங்கே போய்த் திடுக்கிட்டால் அடுத்த முறை வர மாட்டாள். அவள் மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கும், அப்போது நீங்கள் வெளியே உட்காருங்கள்.

முதலில் பொது மருத்துவர் போதும். 'வாந்தி' என்று மட்டும் சொன்னால் வாந்தி நிற்க மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள். 'தானாக வரவழைத்து வாந்தி எடுக்கிறாள், பேதி மாத்திரையும் போடுகிறாள்' என்று அவளோ நீங்களோ சொல்லியாக வேண்டும். சோடியம், பொட்டாசியம், ஹீமோகுளோபின், சர்க்கரை, கிட்னி, கூடவே ஒரு ஈசிஜி. எல்லாம் நார்மல் என்று வந்தால் நிம்மதிதான், ஆனால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. இன்றைக்கு ஆபத்து இல்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

அடுத்தது மனநல மருத்துவர். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டுமானால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகலாம். உங்கள் கணவர் ஓசூரில் இருப்பதால் பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனையும் கைக்கெட்டும் தூரம்தான், அது இருப்பதே அங்குள்ள ஓசூர் சாலையில். உணவுப் பழக்கத்தையும் உடம்பைப் பற்றிய எண்ணங்களையும் படிப்படியாக மாற்றும் பேச்சு சிகிச்சைதான் இதற்கு முதன்மையானது. சிலருக்கு ஃப்ளுவாக்சடின் போன்ற மாத்திரையும் தருவார்கள். அது தூக்க மாத்திரையும் இல்லை, பழக்கமாகிவிடும் மாத்திரையும் இல்லை, ஆனால் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. மருத்துவமனை வாசல் மிதிக்கவே தயக்கம் என்றால் 14416க்கு அவளே போன் செய்யலாம். அரசின் டெலி மானஸ் சேவை அது, கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். முதலில் நீங்கள் அழைத்து, எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று கேட்டாலும் சொல்வார்கள்.

ரகசியம் பற்றி: அவளுக்கு 18 வயது முடிந்துவிட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அவளுடைய சிகிச்சை விவரங்கள் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும். உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைமைகள் மட்டும்தான் விலக்கு. சம்மதமும் அவளுடையதுதான். மாமியார் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அதே சட்டத்தின் இன்னொரு பக்கம், நீங்களோ உங்கள் கணவரோ அவளை வற்புறுத்தி இழுத்துக்கொண்டு போகவும் முடியாது.

கணவரிடம் சொல்லலாமா என்றால், சொல்லலாம். அவளுக்குத் தெரிந்தே சொல்லுங்கள்: "உங்க அண்ணன் மட்டும் தெரிஞ்சுக்கட்டும், வண்டி வேணும்ல." மாமியாரை விட்டுவிட்டு ரொம்ப நாள் ஓட்ட முடியாது. ஆனால் அவருக்கு நோயின் பெயரை நீங்கள் சொல்வதைவிட, 'உப்புச் சத்து குறைஞ்சிருக்கு, நேரத்துக்குச் சாப்பிடணும், விரதம் கூடாது' என்று மருத்துவர் வாயால் கேட்பது நல்லது. அது பொய்யும் இல்லை. மருமகள் சொன்னால் குற்றம், டாக்டர் சொன்னால் வைத்தியம்.

தை மாதம்

கல்யாணம் இந்த நோயைக் குணமாக்குவதில்லை. புது வீடு, புது மாமியார், எல்லார் கண்ணும் தட்டின் மேல், அதற்கடுத்து கர்ப்பம். ஒளிந்து சாப்பிடுவது கூடுவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. பெண் பார்க்கும் சடங்கிலிருந்து தொடங்கிய நோய்க்காரியைத் தைக்குள் இன்னொரு முறை அதே ஜமுக்காளத்தில் உட்கார வைப்பதில் எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. தள்ளிப்போடச் சொல்லி உங்கள் கணவர் பேசட்டும். காரணம் கையிலேயே இருக்கிறது, டிகிரி இன்னும் முடியவில்லை. அடுத்த தடவை தரகர் யாராவது 'கொஞ்சம் குறைச்சா' என்று ஆரம்பித்தால், அந்தப் பேச்சு வாசலோடு நிற்க வேண்டும், அவள் காதுக்கு வரக் கூடாது. இதற்கு மாமனாரின் ஒரு சொல் போதும்.

எத்தனை நாளாகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பீர்கள். மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருடத்தைத் தாண்டும். இரண்டு வாரம் நன்றாக இருந்துவிட்டு ஒரு ராத்திரி மறுபடி குழாய்ச் சத்தம் கேட்கும். அப்போது நீங்கள் உடைந்துபோகாமல், மறுநாள் காலை டிபனை வழக்கம்போல அவள் முன்னால் வையுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கணவர் வருவதற்குள் அவளிடம் முதல் பேச்சை முடித்துவிடப் பாருங்கள். திங்கட்கிழமை அவள் காலேஜுக்குப் போகும் பஸ்ஸிலேயே நீங்களும் ஏறிக்கொண்டால் ரத்தப் பரிசோதனையை முடித்துவிடலாம். ரிசல்ட் வந்ததும் எழுதுங்கள், பொட்டாசியம் எவ்வளவு என்பதை மறக்காமல் குறிப்பிடுங்கள். குறைவு என்று லேபில் சொன்னால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.